வண்ண ஒளிப்படத்தின் தோற்றமும் சாயத்தின் பங்கும்

தமிழில் ‘நிழற்படம்’, ‘ஒளிப்படம்’ என்னும் இரு சொற்களும் ஒரே பொருளில் வழங்கி வருகின்றன. ஒளியால் எழுதப்படுவது என்னும் மூலச்சொல்லின் பொருளுக்கு இரண்டாவது சொல்லே நெருக்கமானது. எனினும் லூயி டகேரின் முறை பாரிசில் வெளியிடப்பட்ட 1839ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ எழுபது ஆண்டுக்காலம் மக்களிடையே பரவியிருந்த கலைக்கு ‘நிழற்படம்’ என்ற பெயரே பொருந்தும். அக்காலத் தட்டுகள் ஒளியின் மிகுதி குறைவுகளை மட்டுமே பதிந்தன. அவற்றையும் உள்ளபடி பதிந்தன என்று சொல்வதற்கில்லை. செந்நிறப் பூவும் பச்சை இலையும் ஏறத்தாழக் கரியவையாகவும், நீல வானம் வெறும் வெண்பரப்பாகவும் அவற்றில் அமைந்தன.

முதல் வண்ண ஒளிப்படம் எது என்னும் வினாவிற்கு, 1861ஆம் ஆண்டு ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் இலண்டனில் திரையிட்டுக் காட்டிய படமே என்று பல நூல்கள் விடை கூறுகின்றன. இவ்விடையில் உண்மை உண்டு. ஆனால் அது முழு உண்மையன்று. நிறம் பற்றிய ஒளியியல் கோட்பாடு அதற்கு முன்னரே ஆயத்தமாக இருந்தது. ஆயத்தமாக இல்லாதிருந்தது தட்டு ஒன்றே. செந்நிறத்தைக் காண இயலாத அத்தட்டுக்குப் பார்வை தந்தது சாயம். ஆகவே வண்ண ஒளிப்படத்தின் தோற்றத்தை இயற்பியலறிஞரின் விரிவுரை மேடையில் மட்டும் தேடாது, சாயப்பட்டறையிலும் தேட வேண்டியுள்ளது.

நேரடி முறை முயற்சிகள்

நிறத்தைப் பிரித்தறிந்து மீண்டும் சேர்க்கும் வழி தோன்றுவதற்கு முன், நிறம் தானாகவே தட்டில் படிந்துவிடும் என்ற நம்பிக்கை நிலவியது. இந்நம்பிக்கை அடிப்படையற்றதன்று. ஒளிப்படக்கலை பிறப்பதற்கு முன்பே, செருமனியின் யேனா நகரில் இருந்த தாமஸ் சீபெக், வெள்ளிக் குளோரைடின் மீது நிறமாலையை விழச்செய்தபோது அப்பொருள் ஓரளவு அந்தந்த நிறத்தையே ஏற்பதைக் கண்டார். அவருடைய குறிப்பு கதே 1810இல் வெளியிட்ட நிறக்கோட்பாட்டு நூலில் இடம்பெற்றது.

இவ்வழியில் நெடுந்தொலைவு சென்றவர் பிரான்சு நாட்டு எட்மோன் பெக்கெரல். 1848இல் அவர் வெள்ளித் தகட்டின் மீது வெள்ளிக் குளோரைடுப் படலத்தை உருவாக்கி, அதில் நிறமாலை முழுவதையும் அதன் சொந்த நிறங்களிலேயே பதித்தார். செந்நிறம் பட்ட இடம் சிவந்தும் நீலம் பட்ட இடம் நீலமாயும் தோன்றின. ஆனால் அப்பதிவை நிலைநிறுத்த வழி காணப்படவில்லை. ஒளிபட்டால் அவை மங்கி அழியும். ஆகவே இருளில் வைத்துக் காக்கப்பட்டன. பார்ப்பதற்கென்று உண்டாக்கிய படம் பார்த்தால் அழிகிறது என்பது விந்தையான நிலைதான். அந்நிறங்கள் எவ்வாறு தோன்றின என்பது ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக வாதத்திற்குரியதாகவே இருந்தது. வெள்ளிக் குளோரைடினுள் உருவாகும் வெள்ளி நுண்துகள்களே அவற்றுக்குக் காரணம் என்று 2020இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு விளக்கியது. பட்ட ஒளியின் நிறத்திற்கேற்ப அத்துகள்களின் அளவும் இருப்பிடமும் வேறுபடுகின்றன என்பது அதன் முடிபு.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வெஸ்ட்கில் என்னும் சிற்றூரில் பாப்டிஸ்டு சமயப் போதகராக இருந்த லீவை ஹில், தாம் இயற்கை நிறங்களைத் தகட்டில் பிடித்துவிட்டதாக 1850களின் தொடக்கத்தில் அறிவித்தார். வண்ணப்படம் வரப்போகிறது என்று வாடிக்கையாளர்கள் காத்திருக்கத் தொடங்கியமையால் படப்பிடிப்பாளர்களின் வாணிகம் சரிந்தது. நியூயார்க்கு படப்பிடிப்பாளர்கள் ஹில்லை ஏமாற்றுக்காரர் என்றனர். 1856இல் அவர் வெளியிட்ட நூலைக் கொண்டு எவரும் அம்முறையைச் செய்துகாட்ட இயலவில்லை. அவரது தகடுகள் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. 2007இல் அவற்றைக் கருவிகளால் ஆராய்ந்தபோது இரண்டு உண்மைகள் ஒருங்கே வெளிப்பட்டன. அவரது முறை சில நிறங்களை மங்கலாகவேனும் உண்மையாகப் பதிந்திருந்தது. போதாத இடங்களில் அவர் கையால் வண்ணம் பூசியுமிருந்தார். ஏமாற்றுக்காரர் என்றோ கண்டுபிடிப்பாளர் என்றோ ஒரே சொல்லில் அவரை அடக்க இயலாது.

கையால் வண்ணம் பூசுதல் அன்று பரவலான தொழிலாகவே இருந்தது. ஐரோப்பாவில் டகேர் தகடுகளின் மேல் வண்ணத்தூள் இட்டனர். இந்தியாவில் அரசவை ஓவியர்கள் ஒளிப்படத்தை அடிப்பரப்பாகக் கொண்டு, அது முற்றிலும் மறையுமளவு வண்ணம் தீட்டினர். அது தனித்த ஓவிய மரபு. இங்கு விரிப்பிற் பெருகும்.

1861ஆம் ஆண்டுச் சோதனை

மனிதக் கண் எல்லா நிறங்களையும் மூன்று வகை உணர்வுகளின் கலப்பாகவே காண்கிறது என்ற கருத்தைத் தாமஸ் யங் 1802இல் முன்வைத்தார். மாக்ஸ்வெல் இதனை அளவீடுகளால் உறுதிப்படுத்தினார். 1855இல் எழுதிய கட்டுரையிலேயே, ஒரே காட்சியைச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று கண்ணாடிகள் வழியே மூன்று முறை படமெடுத்து, அதே கண்ணாடிகள் வழியே ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தினால் காட்சி தன் நிறங்களோடு தோன்றும் என்று அவர் எழுதினார். வண்ண ஒளிப்படம் செய்வது அன்று அவரது நோக்கமன்று. கண்ணின் இயல்பை விளக்க எடுத்துக்கொண்ட ஓர் உவமையே அது. இந்நுட்பம் பின்னாளைய நூல்களில் பெரிதும் மறைந்துவிட்டது.

உவமை 1861 மே 17ஆம் நாள் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மெய்யான காட்சியாயிற்று. படமெடுத்துக் கொடுத்தவர் தாமஸ் சட்டன் என்னும் படப்பிடிப்பாளர். பல நிறக் கோடுகள் கொண்ட நாடா ஒன்று கருநிற வெல்வெட்டுத் துணிமேல் வைத்துப் படமெடுக்கப்பட்டது. நிறக் கண்ணாடிகளுக்கு மாற்றாக வண்ணக் கரைசல்கள் நிரம்பிய கண்ணாடித் தொட்டிகள் ஒளிவில்லையின் முன் வைக்கப்பட்டன. நீலக் கரைசலுக்கு 6 நொடிகள் போதுமானதாக இருக்க, பச்சைக்கு 12 நிமிடங்களும் சிவப்புக்கு 8 நிமிடங்களும் தேவைப்பட்டதாகச் சட்டன் எழுதியுள்ளார்.

இங்குதான் சிக்கல் எழுகிறது. சட்டன் பயன்படுத்திய கொலோடியன் தட்டு நீலம், ஊதா, புற ஊதா ஆகியவற்றை மட்டுமே உணரவல்லது. செந்நிற ஒளியை எத்தனை நிமிடங்கள் காட்டினும் அதில் எதுவும் பதிந்திருக்க இயலாது. அவ்வாறாயின் சிவப்புத் தட்டில் பதிந்தது என்ன?

இவ்வினாவிற்கு விடை காண நூறாண்டுகள் ஆயின. 1961இல் கோடாக் நிறுவனத்தின் ரால்ஃப் எவன்ஸ் அச்சோதனையை மீண்டும் செய்துபார்த்தார். செந்நிறக் கரைசலாகப் பயன்பட்ட இரும்புச் சேர்மம் சிவப்பு ஒளியோடு புற ஊதாக் கதிரையும் கடத்துகிறது. நாடாவின் செந்நிறப் பகுதிகளும், செஞ்சாயத் துணிகள் பல செய்வதுபோல், புற ஊதாக் கதிரைப் பிரதிபலித்தன. கண்ணுக்குப் புலனாகாத அக்கதிரே தட்டில் பதிந்து, சிவப்பு பதிந்ததுபோன்ற தோற்றத்தை உண்டாக்கியது. பச்சைத் தட்டில் பதிந்ததும் கரைசல் வழியே கசிந்த நீலப்பச்சை ஒளியே. வேறொரு சாயம் தோய்ந்த நாடாவை எடுத்திருந்தால் சோதனை தோற்றிருக்கவும் கூடும்.

மாக்ஸ்வெல் இக்குறையை ஓரளவு உணர்ந்தே இருந்தார் எனல் வேண்டும். சிவப்பு, பச்சைப் படங்கள் நீலப் படத்தைப் போல் முழுமையாகப் பதிந்திருந்தால் நாடாவின் உண்மை நிறப்படம் கிடைத்திருக்கும் என்றும், அந்நிறக் கதிர்களை உணரும் பொருள் கண்டறியப்பட்டால் காட்சி திருந்தும் என்றும் அவர் அன்றே கருத்துரைத்தார். அதன்பின் அவர் இத்துறையில் மேற்செல்லவில்லை. இன்று நூல்கள்தோறும் காணப்படும் வண்ண நாடாப் படமும் 1861இல் அச்சானதன்று. எஞ்சிய மூன்று தட்டுகளிலிருந்து இருபதாம் நூற்றாண்டில் உருவாக்கப்பட்டது. மாக்ஸ்வெல்லின் கோட்பாடு சரியானது. சோதனை அக்கோட்பாட்டால் வெற்றி பெறவில்லை. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் ‘முதல் வண்ணப்படம்’ என்ற பட்டத்தை வழங்குவது வரலாற்று முறைக்கு ஏற்றதாகாது.

ஒரே நாளில் இருவர்

மாக்ஸ்வெல்லின் வழி ஒளிகளைக் கூட்டும் வழி. இருள் சூழ்ந்த திரையில் மூன்று ஒளிகளைச் சேர்த்தால் நிறம் பிறக்கும். ஆனால் கையில் வைத்துப் பார்க்கும் தாளுக்கு இம்முறை உதவாது. வெண்தாளில் சாயத்தைப் பூசினால் அச்சாயம் வெள்ளொளியின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொண்டு எஞ்சியதையே நமக்குக் காட்டும். இது கழிக்கும் வழி. தாளில் நிறம் வேண்டுமாயின் நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள் ஆகிய மூன்று சாயங்களை அடுக்க வேண்டும்.

இவ்வழியை பிரான்சு நாட்டில் இருவர், ஒருவரையொருவர் அறியாமலே கண்டனர். ஒருவர் 1837இல் லாங்கோன் என்னும் ஊரில் பிறந்த லூயி டுகோ டு ஓரோன். மற்றவர் கவிஞராகப் புகழ்பெற்ற ஷார்ல் குரோ. குரோ தம் கருத்தை முத்திரையிட்ட உறையில் 1867 டிசம்பரில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் வைத்தார். டுகோ டு ஓரோன் 1868 நவம்பரில் காப்புரிமை பெற்றார். இருவர் எழுத்துகளும் 1869 மே 7ஆம் நாள் பிரெஞ்சு ஒளிப்படக் கழகத்தின் ஒரே கூட்டத்தில் முன்வைக்கப்பட்டன.

நாள் கணக்கில் குரோ முந்தியவர். ஆனால் அவர் முன்வைத்தது பெரிதும் கோட்பாடே. டுகோ டு ஓரோன் கோட்பாட்டோடு நில்லாமல் பல்லாண்டுகள் உழைத்துத் தாளில் வண்ணப்படங்களைச் செய்துகாட்டினார். 1877இல் அவர் எடுத்த அஜான் நகரக் காட்சி இன்றும் உள்ளது. அறிவியல் வரலாற்றில் முன்னுரிமை என்பது கருதியவருக்கா, செய்தவருக்கா என்ற வினாவிற்கு இவ்விருவர் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டு. குரோ பின்னர் 1877இல் ஒலிப்பதிவுக் கருவி பற்றிய கருத்தையும் இவ்வாறே உறையிலிட்டு அதே கழகத்தில் வைத்தார் என்பதும், எடிசன் கருவியையே செய்து பெயர் பெற்றார் என்பதும் உடன்வைத்து நோக்கத்தக்கன.

டுகோ டு ஓரோனின் எழுத்தில் மற்றொரு கருத்தும் அடங்கியிருந்தது. மூன்று தட்டுகள் எடுப்பதற்கு மாறாக, மூன்று நிறங்களின் மிக நுண்ணிய கோடுகளால் நிரம்பிய ஒரே திரையைத் தட்டின் முன் வைத்தால் ஒரே பதிவில் மூன்று நிறச் செய்திகளும் கிடைக்கும் என்று அவர் குறிப்பிட்டார். அன்று அதனைச் செய்துகாட்டும் வழி இல்லை. அவரது பெருந்தடையும் மாக்ஸ்வெல் எதிர்கொண்டதே: தட்டு செந்நிறத்தை உணரவில்லை.

சாயம் தந்த பார்வை

அத்தடை தகர்ந்தது 1873இல், பெர்லினில். ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்னும் வேதியியல் பேராசிரியர் இங்கிலாந்தில் செய்யப்பட்ட சில தட்டுகளைச் சோதித்தபோது, அவை நீலத்தைவிடப் பச்சையை மிகுதியாக உணர்வதைக் கண்டு வியந்தார். தட்டினுள் ஒளி எதிரொளித்துச் சிதறுவதைத் தடுக்க அவற்றில் மஞ்சள் சாயம் சேர்க்கப்பட்டிருந்தது. சாயத்தைக் கழுவி நீக்கியதும் அவ்வுணர்வு மறைந்தது. சாயம் எந்நிற ஒளியை உறிஞ்சுகிறதோ அந்நிறத்தை வெள்ளி உப்பும் உணரத் தொடங்குகிறது என்ற உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. சாயம் உறிஞ்சிய ஆற்றலே வெள்ளி உப்பைத் தூண்டுகிறது. மறு ஆண்டே பெக்கெரல், இலைகளின் பச்சையம் தட்டுக்குச் செந்நிற உணர்வைத் தருவதைக் கண்டார். கால் நூற்றாண்டுக்கு முன் நிலைபெறாத வண்ணங்களைப் பதித்த அதே பெக்கெரல் இவர்.

ஃபோகலின் கண்டுபிடிப்பு வேறொரு காலத்தில் நிகழ்ந்திருக்க வாய்ப்பில்லை. 1856இல் வில்லியம் பெர்கின் கொய்னா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்று, நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச்சாயம் ஒன்றைப் பெற்றார். அதன்பின் செருமானியத் தொழிற்சாலைகள் துணிக்கென்று நூற்றுக்கணக்கான செயற்கைச் சாயங்களை ஆக்கின. ஃபோகலும் அவர் வழிவந்தோரும் அச்சாயங்களை ஒவ்வொன்றாகத் தட்டில் இட்டுச் சோதித்தனர். 1902இல் பெர்லினில் அடால்ஃப் மீட்டேயும் ஆர்தர் டிராபேயும் கண்ட சாயமும், அடுத்த சில ஆண்டுகளில் ஹோக்ஸ்ட் நிறுவனம் வெளியிட்ட சாயங்களும் தட்டினை ஊதா முதல் சிவப்பு வரை எல்லா நிறங்களையும் ஏற்குமாறு செய்தன.

இச்செருமானியச் சாயத்தொழிலின் மற்றொரு முகத்தை இந்தியா நன்கறியும். 1897இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. ஹோக்ஸ்ட் நிறுவனமும் விரைவில் அதனை ஆக்கலாயிற்று. பீகாரிலும் சென்னை மாகாணத்துத் தென்னார்க்காட்டிலும் அவுரி சாகுபடி வீழ்ச்சியுற்றது. விலை வீழ்ச்சியின் சுமையைத் தோட்ட உரிமையாளர்கள் குடியானவர் மேல் ஏற்றியதும் 1917ஆம் ஆண்டுச் சம்பாரண் போராட்டத்திற்கு ஒரு காரணமாயிற்று. ஒரே ஆய்வுக்கூட மரபு ஒரு நாட்டு உழவரின் பிழைப்பைப் பறித்ததும் ஒளிப்படத் தட்டுக்குச் செந்நிறப் பார்வை கொடுத்ததும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தன. ஒளிப்பட வரலாறுகள் இத்தொடர்பைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

சாயமே இல்லாமல் நிறங்காட்டும் முறை ஒன்றும் இடையில் தோன்றியது. 1891இல் கப்ரியேல் லிப்மன், தட்டின் பின்புறம் பாதரசத்தை நிறுத்தி, உட்செல்லும் ஒளியலையும் திரும்பும் ஒளியலையும் ஒன்றோடொன்று மோதி நிலையலைகளாகத் தட்டினுள் பதியுமாறு செய்தார். சோப்புக் குமிழியில் நிறம் தோன்றுவது போன்றதே இது. இதற்காக 1908இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் படமெடுக்கப் பல நிமிடங்கள் ஆயின, படியெடுக்க இயலவில்லை, குறிப்பிட்ட கோணத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் நிறம் தெரிந்தது. அத்தட்டும் செந்நிறத்தை உணர்வதற்குச் சாயத்தையே நாடியது என்பது இங்குக் கருதத்தக்கது.

உருளைக்கிழங்கு மாவுத் தட்டு

டுகோ டு ஓரோன் கருதிய நுண்கோட்டுத் திரையை 1894இல் டப்ளின் நகரத்து ஜான் ஜோலி செய்துகாட்டினார். கண்ணாடியில் மூன்று நிற மைகளால் வரிசையாகக் கோடிட்டார். கோடுகள் கண்ணுக்குத் தெரியுமளவு பருத்திருந்தன. தட்டின் செந்நிற உணர்வும் போதவில்லை. விற்பனை நிலைக்கவில்லை.

திரைப்படக் கருவியால் 1895இல் புகழ்பெற்ற லியோன் நகரத்து லூமியேர் சகோதரர்கள் கோடுகளை விடுத்து மாவுத்துகளை எடுத்தனர். 1903 டிசம்பரில் காப்புரிமை பெற்று, 1907 ஜூன் மாதம் பாரிசில் பொதுமக்களுக்குக் காட்டிய அவர்களது ‘ஆட்டோக்ரோம்’ தட்டின் அமைப்பு பின்வருமாறு: உருளைக்கிழங்கு மாவைச் சலித்து, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கினின்று சற்றே மிகுந்த அளவுள்ள துகள்களை மட்டும் பிரித்தெடுப்பர். அவற்றை மூன்று பங்காக்கி ஆரஞ்சுச் சிவப்பு, பச்சை, நீல ஊதாச் சாயங்களில் தோய்த்து உலர்த்திக் கலப்பர். கலவை சாம்பல் நிறமாகத் தோன்றும். பசை தடவிய கண்ணாடியில் ஒரே அடுக்காக இதனைத் தூவி, துகள்களின் இடைவெளிகளைக் கரித்தூளால் அடைத்து, பேரழுத்தத்தில் நசுக்கித் தட்டையாக்குவர். அதன்மேல் மெருகெண்ணெய்ப் பூச்சு. அதற்கும் மேல் எல்லா நிறங்களையும் உணரும் வெள்ளிப் படலம். ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் துகள்கள் அமைந்தன.

படமெடுக்கும்போது ஒளி கண்ணாடியின் பின்புறமாகப் புகுந்து நிறத்துகள்களைக் கடந்தே வெள்ளிப் படலத்தை அடையும். செந்நிற ஒளி செந்துகள் வழியே மட்டும் செல்லும். தட்டைக் கழுவிப் பதிவை நேர்ப்படமாக மாற்றியபின், செந்நிறம் பட்ட இடத்தில் செந்துகள் திறந்தும் மற்றவை மூடியும் நிற்கும். ஆக, ஒரே தட்டு வடிகட்டியாகவும் பதிவேடாகவும் காட்சித்திரையாகவும் தொழிற்பட்டது. சாயம் இங்கு இருமுறை வந்தது: துகளுக்கு நிறமாக ஒருமுறை, படலத்திற்குப் பார்வையாக மற்றொருமுறை. இரண்டும் ஒருசேரக் கிட்டியபோதே வண்ண ஒளிப்படம் அறிவியல் அவையினின்று கடைவீதிக்கு வந்தது.

குறைகளும் உடனிருந்தன. நண்பகல் வெயிலிலும் ஒரு நொடிக்கு மேல் ஒளி தேவைப்பட்டது. நிழலில் பல நொடிகள். ஒரு பதிவுக்கு ஒரே படம், படியில்லை. பிடித்துப் பார்க்கப் பின்னொளி வேண்டும். கருப்புவெள்ளைத் தட்டினும் விலை மிகுதி. ஆயினும் 1930களின் தொடக்கம் வரை இக்கண்ணாடித் தட்டுக்கு நிகரான போட்டி எதுவும் அமையவில்லை.

பதிவுகளும் அவற்றை வாசித்தலும்

புதிய தட்டுகள் கிடைத்ததும் பெருந்தொகுப்புகள் இரண்டு எழுந்தன. பெர்லினில் மீட்டேயிடம் பயின்ற உருசியரான செர்கெய் புரோகூதின்-கோர்ஸ்கி, மாக்ஸ்வெல் சொன்ன மூன்று பதிவு முறையையே பின்பற்றி, ஒரே நெடுந்தட்டில் மூன்று படங்களை அடுத்தடுத்து எடுத்தார். 1908இல் தால்ஸ்தாயைப் படமெடுத்த அவர், 1909 முதல் சார் மன்னரின் ஆதரவோடு பேரரசின் பல பகுதிகளுக்கும் சென்று பதிவு செய்தார். புரட்சிக்குப்பின் நாட்டைவிட்டு வெளியேறிப் பாரிசில் 1944இல் மறைந்தார். அவரது 1,902 தட்டுகளை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1948இல் விலைக்கு வாங்கிற்று. ஓடும் நீரும் அசைந்த கைகளும் அப்படங்களில் சிவப்பு, பச்சை, நீல விளிம்புகளாகச் சிதறி நிற்பதைக் காணலாம். மூன்று பதிவுகளுக்கிடையே கழிந்த நொடிகளே அவை.

மற்றொன்று பிரெஞ்சு வங்கியாளர் ஆல்பர்ட் கான் 1909 முதல் 1931 வரை பல நாடுகளுக்கும் படப்பிடிப்பாளர்களை அனுப்பித் தொகுத்த ஏறத்தாழ 72,000 ஆட்டோக்ரோம் தட்டுகள். அவர்களுள் ஸ்டெஃபான் பாசே 1913–14இல் இந்தியா வந்தார். ரோஜே துமா 1927இல் கபுர்தலா அரசரின் பொன்விழாவைப் பதிந்தார். இந்தியாவின் தொடக்ககால வண்ண ஒளிப்படங்களில் இவை குறிப்பிடத்தக்கவை. ஆனால் இவற்றைச் சான்றாகக் கொள்வோர் ஓர் உண்மையை மறத்தலாகாது. படமெடுக்கும் நொடிகளில் மனிதர் அசையாது நிற்க வேண்டியிருந்தது. ஆகவே இப்படங்களில் கடைத்தெருக்களும் அமைதியாக உள்ளன. வணிகரும் துறவியரும் உறைந்து நிற்கின்றனர். அவ்வமைதி அந்நாளைய கீழைநாட்டு வாழ்வின் இயல்பன்று, தட்டின் இயல்பு. காலனிய காலப் பார்வை இவ்வசைவின்மையைப் பண்பாட்டின் அடையாளமாகப் படிக்க எளிதில் இடந்தந்தது.

1935இல் கோடாக் வெளியிட்ட கோடாக்குரோம், லியோபோல்ட் மான்னெஸ், லியோபோல்ட் கோடவ்ஸ்கி என்னும் இரு இசைக்கலைஞர்களின் ஆய்வில் விளைந்தது. வெவ்வேறு நிறங்களை உணரும் மூன்று படலங்களை ஒரே சுருளில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் உரிய சாயத்தை உருவாக்கும் அம்முறை, 1869இல் இருவரும் முன்வைத்த கழிக்கும் வழியின் நிறைவேற்றமே. அதன் உற்பத்தி 2009இல் நின்றது.

கூட்டும் வழியோ மறையவில்லை. கோடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், மின்னணு உணரியின் ஒவ்வொரு புள்ளியின் மீதும் சிவப்பு, பச்சை, நீலச் சாயம் தோய்ந்த நுண்வடிகட்டிகளுள் ஒன்று அமைகிறது. கண்ணின் இயல்பை ஒட்டிப் பச்சைக்கு மட்டும் இருமடங்கு இடம். இன்றைய கைப்பேசிகளின் படக்கருவிகளில் பெரும்பாலானவை இவ்வமைப்பையோ இதன் வழிவந்தவற்றையோ கொண்டவை. 1920இல் அஜானில் மறைந்த டுகோ டு ஓரோன் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் எழுதிவைத்த திரை, மாவுத்துகளுக்கு மாறாகச் சிலிக்கான் மேல் அமர்ந்திருக்கிறது.